நல்லூர்த் திருவிழாவும் சோனகதெருவும்



நல்லூரில் கொடியேறிவிட்டது. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் தொடங்கி ஆவணி அமாவாசைத் தீர்த்தம் வரை 25 நாள். எங்கள் பெருநாள்களைப் போல இதற்கும் சந்திரன்தான் கணக்கு. ஆனால் எங்கள் பெருநாள் ஆண்டு முழுவதும் நகரும், நல்லூரோ இந்த வெயில் காலத்தை விட்டு அசையாது.

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், அது அவங்கட திருவிழா, எங்களுக்கு அதில என்ன இருக்கு?" புத்தளத்தில் பிறந்து, பெற்றோரோடு ஊர் திரும்பியவன். அவனில் பிழையில்லை, சொல்லிக் கொடுக்காதது நாங்கள்தான். அதனால்தான் இந்தப் பதிவு.

திருவிழாவில் ஓதும் கட்டியத்தில் புவனேகபாகு என்ற பெயர் வரும். கோட்டையிலிருந்து ஆறாம் பராக்கிரமபாகு அனுப்ப, 15ஆம் நூற்றாண்டின் நடுவில் யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப் பெருமாள்தான் அவர் என்பது பலருடைய கருத்து. இல்லை, ஆரியச் சக்கரவர்த்தியின் அமைச்சர் என்பாரும் உண்டு. முதற் கருத்துச் சரியென்றால், படையெடுத்து வந்தவனின் பெயரை இன்றும் மரியாதையாகச் சொல்லும் கோயில் இது.

அந்தப் பழைய கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தே ஒலிவேரா 1621இல் இடித்தான். முத்திரைச் சந்திக்குப் பக்கத்தில் இன்று யாக்கோபு தேவாலயம் நிற்கும் இடமே பழைய கோயிலின் இடம் என்பார்கள். இடித்தபின் நூறு வருடத்துக்கு மேல் போய்விட்டது. ஒல்லாந்தர் காலத்தில், அவர்களுடைய கச்சேரியில் சிறாப்பராக இருந்த இரகுநாத மாப்பாண முதலியார் 1734இல் இப்போதைய கோயிலைத் தொடக்கினார். நிர்வாகம் இன்றும் அவருடைய பரம்பரையிடம்தான். கொடிச்சீலை கொண்டுவரும் உரிமை நெசவுத் தொழில் செய்த செங்குந்தர் பரம்பரைக்கு. இப்படி ஒவ்வொரு குடிக்கும் ஒரு பங்கு.

எங்கள் பங்கு எது?

புதுக் கோயில் எழுந்த பகுதியில் முன்பு சோனகர் குடியிருந்தார்கள் என்றும், அவர்கள் குடிக்கும் கிணற்றில் பன்றி இறைச்சியைப் போட்டு எழுப்பினார்கள் என்றும், அதன்பின் நாவாந்துறைப் பக்கம் வந்து குடியேறினார்கள் என்றும் ஒரு கதை வழிவழியாக வருகிறது. இன்னொரு கதை, கோயிலின் மேற்குப் பக்கத்தில் சிக்கந்தர் என்ற பெரியாரின் அடக்கஸ்தலம் இருந்தது, எங்களவர் வந்துபோக மதிலில் ஒரு வாசலும் விட்டிருந்தார்கள் என்பது. இரண்டையும் சாசனம்போல எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் முதல் கதையை மட்டும் கோபத்தோடு சொல்லிக்கொண்டு இரண்டாவதை விழுங்கிவிடுவது வாத்தியார் வேலை இல்லை. இரண்டும் எங்கள் வீடுகளில் சொல்லப்பட்டவைதான்.

கதையை விடுங்கள், கடைக்கு வருவோம். நல்லூர் என்றால் எங்கள் வாப்பாமாருக்கு வியாபாரம். காப்பு, சீப்பு, ரிபன், விளையாட்டுச் சாமான். திருவிழாவுக்கென்று முன்கூட்டியே சரக்கு எடுத்து வைப்பார்கள். சப்பறத்துக்கும் தேருக்கும் வீதியில் நிற்க இடம் இருக்காது. லுஹர் தொழப் போனால் பக்கத்துக் கச்சான்காரி கடையைப் பார்த்துக்கொள்வா. அவ தேர் வடம் தொட்டுக் கும்பிடப் போனால் நாங்கள் அவவின் சுளகுக்குக் காவல். அதை யாரும் நல்லிணக்கம் என்று சொன்னதில்லை. அப்போது அந்தச் சொல்லே எங்களுக்குத் தெரியாது.

1990 ஒக்டோபர் 30. ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். அடுத்த ஆவணியில் நாங்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்தோம். அங்கே ஒருநாள் உம்மாமார் பேசிக்கொண்டது இன்னும் காதில் நிற்கிறது: "இண்டைக்கு நல்லூர்த் தேர் எல்லா." யாரும் பதில் சொல்லவில்லை.

2002க்குப் பிறகு கொஞ்சப் பேர், 2009க்குப் பிறகு இன்னும் கொஞ்சப் பேர் திரும்பினோம். எல்லோரும் அல்ல. சில வளவுகளில் இன்றும் சுவர் மட்டும்தான் நிற்கிறது.

அந்தப் பிள்ளையிடம், வீட்டில் கேட்டு வா என்று அனுப்பினோம். மறுநாள் வந்து சொன்னான்: "சேர், வாப்பாட வாப்பா காப்புக் கடை போட்ட இடத்தை வாப்பா கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். இப்ப அதில ஐஸ்கிறீம் விக்கிறாங்க. வாங்கித் தந்தார்."