உடல் வலுவிழந்த பெண்களின் தன்னுருவமும் சமூகப் பார்வையும் (கண்டி)

உடல் வலுவிழந்த பெண் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணமும் ஊர் அவளைப் பார்க்கும் விதமும் ஒன்றையொன்று உருவாக்குவன. இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 8.7 வீதமானோருக்கு ஏதேனுமொரு செயற்பாட்டுச் சிரமம் இருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள்.

கண்டியில் நிலவமைப்பே ஊரின் பார்வைக்குத் துணைபோகிறது. சரிவில் கட்டிய வீடுகள், கோயில் படிகள், உயரமான பஸ் மிதிபலகை, தோட்ட லயங்களுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை என எங்கும் ஏற்ற இறக்கம். சக்கர நாற்காலியில் இருப்பவள் பிறர் தூக்கிவிட்டால்தான் தெருவுக்கு வரலாம். தெருவில் காணாதவளை ஊர் இயலாதவள் என்று முடிவுகட்டிவிடுகிறது. கலியாணப் பேச்சில் இந்தப் பார்வை இன்னும் கூர்மை. கால் சூம்பிய அண்ணனுக்குப் பெண் தேடுவார்கள்; அதே குறையுள்ள அக்காவை, தங்கையின் சம்பந்தம் குலையாதிருக்க, உள்ளே இருக்கச் சொல்வார்கள். முற்பிறப்பு வினை என்ற விளக்கம் பௌத்தரிடமும் கேட்கும், இந்துக்களிடமும் கேட்கும். இரக்கம்போல் ஒலிக்கும் அவமதிப்பு அது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தொழிலிலும் கல்வியிலும் வலுவிழந்தோருக்கு எதிரான பாரபட்சத்தைத் தடுக்கிறது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 6ஆம் உறுப்புரை பெண்களைத் தனியே குறிப்பிடுகிறது. ஆயினும் தன்மதிப்பை மாற்றுவதில் சட்டத்தைவிடத் தம்மையொத்தவர்களின் கூட்டுக்கே வலிமை அதிகம் எனலாம். இதற்குக் கண்டிக்கு வெளியே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: 1990களில் அநுராதபுர மாவட்டத்தில் தோன்றிய ‘ஆகாச’ அமைப்பை வலுவிழந்த பெண்களே நடத்துகின்றனர்.