நெடுஞ்சாலையில் 4ஹெச்-இலேயே ஓட்டிவிட்டீர்களா? வண்டிக்கு என்ன ஆகும், உடனே என்ன செய்யணும்?

குளிர்காலத்தில் மணாலி பக்கம் பனி கொட்டத் தொடங்கினால், சோலாங் மற்றும் அடல் சுரங்கப்பாதைக்குப் போகும் சாலையில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளையும், டயரில் சங்கிலி கட்டிய வண்டிகளையும் மட்டும் போலீஸ் அனுமதிப்பது அடிக்கடி நடக்கும். பனியில் வழுக்காமல் இருக்க 4ஹெச் போடுகிறோம். திரும்பி வரும்போது பனி முடிந்து நல்ல நாலு வழிச் சாலை வந்துவிடும். வண்டி 80-ஐத் தொடும். ஆனால் டேஷ்போர்டில் அந்தச் சின்ன பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். 50 கி.மீ. கழித்து அது கண்ணில் படும்போதுதான் அடிவயிறு கலங்கும்: கியர்பாக்ஸ் போச்சா?

சுருக்கமான பதில்: ஓடியது 4ஹெச்-இல், பெரும்பாலும் நேர்ச் சாலையில், நான்கு டயரும் ஒரே மாதிரி என்றால், அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. 4எல் என்றால் கதையே வேறு. ஏன் என்று பார்ப்போம்.

2ஹெச், 4ஹெச், 4எல்: என்ன வித்தியாசம்?

தார், ஜிம்னி, இசுஸு வி-கிராஸ் போன்றவற்றில் இருப்பது 'பார்ட் டைம்' ஃபோர் வீல் டிரைவ். 2ஹெச்-இல் இன்ஜின் பின் சக்கரங்களை மட்டும் சுற்றுகிறது. 4ஹெச் போட்டதும், கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் ஷாஃப்டுகள் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. அதன்பிறகு இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும்.

4எல்-இலும் அதே பூட்டுதான். கூடவே வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் இன்னொரு கியர் சேர்ந்துகொள்ளும். ஜிம்னியில் அது சுமார் 2 மடங்கு. அதாவது 4ஹெச்-இல் 2,500 ஆர்பிஎம் காட்டும் அதே வேகத்துக்கு, அதே கியரில், 4எல்-இல் இன்ஜின் 5,000 ஆர்பிஎம் சுற்ற வேண்டும்.

பூட்டினால் என்ன பிரச்னை?

திருப்பத்தில் முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும், பின் சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகும். முன்னால் இருப்பவை அதிக தூரம் ஓட வேண்டும், ஆனால் பூட்டு அதற்கு விடாது. பனி, சேறு, மணலில் டயர் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் டயர் இறுக்கமாகப் பிடித்திருப்பதால் வழுக்காது. ஈரத் துணியைப் பிழிவதுபோல ஷாஃப்டிலும் கியர்களிலும் முறுக்கேறும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி குலுங்கிக் குலுங்கி நகரும், சில நேரம் 'டக்' என்று சத்தம் வரும்.

கணக்குப் போட்டால் என்ன தெரிகிறது?

5 கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2,590 மி.மீ., திரும்பும் ஆரம் 5.7 மீட்டர். இதை வைத்து நாங்கள் போட்ட தோராயக் கணக்கு இது:

- ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து ஒரு சுற்று வந்தால், முன் சக்கரங்கள் சராசரியாக 32 மீட்டர், பின் சக்கரங்கள் 27.5 மீட்டர் ஓடும். வித்தியாசம் சுமார் 4.5 மீட்டர். ஒரு யூ-டர்ன் என்றால் 2 மீட்டருக்கும் மேல்.
- 500 மீட்டர் ஆரம் கொண்ட நெடுஞ்சாலை வளைவில் 1 கி.மீ. போனால், வித்தியாசம் வெறும் 1.3 செ.மீ.
- பின் டயர்கள் தேய்ந்து அவற்றின் சுற்றளவு முன் டயர்களைவிட 1 சதவீதம் குறைவு என்று வைத்துக்கொள்வோம். நேர்ச் சாலையில்கூட ஒவ்வொரு கி.மீ.க்கும் 10 மீட்டர் வித்தியாசம் வரும்.

பலரும் பயப்படுவது வேகத்தைப் பார்த்து. ஆனால் முறுக்கு அதிகம் ஏறுவது பெட்ரோல் பங்க்கிலும் ஹோட்டல் பார்க்கிங்கிலும் வண்டியை ஒடித்துத் திருப்பும்போதுதான். அதற்கடுத்த வில்லன், ஜோடி சேராத டயர்கள். இரண்டு டயரை மட்டும் புதுசாக மாற்றியிருந்தாலோ, காற்றழுத்தம் ஏறுக்குமாறாக இருந்தாலோ, 4ஹெச்-இல் ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குச் சுமைதான்.

அப்போ வேகத்தால் ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. திருப்பத்தில் வண்டி நீங்கள் ஒடித்த அளவுக்குத் திரும்பாமல் வெளிப்பக்கமாக இழுக்கும். ஃபோர் வீல் டிரைவ் பிரேக் பிடிக்கும் தூரத்தைக் குறைக்காது. நான்கு சக்கரமும் இழுப்பதால் வரும் தைரியத்தில் வேகமாகப் போவது தனி ஆபத்து. டீசல், பெட்ரோல் செலவும் கூடும்.

விளக்கைப் பார்த்ததும் என்ன செய்யணும்?

*4ஹெச் என்றால்:* பதறி பிரேக் அடிக்க வேண்டாம். நேரான சாலையில் ஆக்சிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்து 2ஹெச்-க்கு மாற்றுங்கள். ஓடும்போதே மாற்றலாமா, எந்த வேகம் வரை என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். ஜிம்னியில் சக்கரங்கள் நேராக இருந்தால் 100 கி.மீ. வேகம் வரை மாற்றலாம். லீவர் நகரவில்லை, அல்லது விளக்கு அணையவில்லை என்றால் முறுக்கு இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம். லீவரை முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

*4எல் என்றால்:* ஓடும்போது லீவரைத் தொடவே கூடாது. மெதுவாக வேகம் குறைத்து, ஓரமாக முழுவதும் நிறுத்தி, பிறகு கையேடு சொல்கிறபடி மாற்றுங்கள்.

மெக்கானிக்கிடம் போகணுமா?

4ஹெச்-இல் கொஞ்ச தூரம், வித்தியாசமாக எதுவும் தெரியவில்லை என்றால் அவசரம் இல்லை. ஆனால் ஊளையிடுவதுபோல சத்தம், தரையில் அதிர்வு, எண்ணெய் கருகிய வாடை, வண்டிக்கு அடியில் கசிவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். 4எல்-இல் வேகமாக ஓட்டியிருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் உலோகத் துகள் மின்னினால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. தவறான பயன்பாட்டால் வரும் சேதத்துக்குப் பொதுவாக வாரன்டி கிடைக்காது என்பதால் சீக்கிரம் கண்டுபிடிப்பது பர்ஸுக்கும் நல்லது.

எல்லா 'ஃபோர் வீல்' வண்டிக்கும் இது பொருந்துமா?

இல்லை. ஆல் வீல் டிரைவ் கொண்ட எக்ஸ்யூவி700 போன்றவற்றில், முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே தேவைக்கேற்ப விட்டுக்கொடுக்கும் கிளட்ச் இருக்கிறது. அவற்றில் நெடுஞ்சாலையில் போக எதையும் மாற்ற வேண்டாம். பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஜிம்னி, கிராண்ட் விட்டாரா இரண்டிலும் 'ஆல்கிரிப்' என்றே எழுதியிருக்கும். ஜிம்னியில் இருப்பது பூட்டு, கிராண்ட் விட்டாராவில் கிளட்ச். வாடகை வண்டி எடுக்கிறீர்கள் என்றால் சாவி வாங்கும்போதே கேளுங்கள்: "இது பார்ட் டைமா? 4ஹெச் விளக்கு எங்கே எரியும்?" நான்கு டயரும் ஒரே பிராண்டா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மலையில் பனி முடிந்து முதல் காய்ந்த ரோடு வந்ததும், டீக்கு நிறுத்துவதற்கு முன்பே 2ஹெச்-க்கு வந்துவிடுங்கள்.