மண்ணுக்குள் காத்த சிலைகள்: ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம்

ஒட்டோமான் ஆட்சியிலிருந்து விடுபட்ட கிரேக்கம் தன் முதல் அருங்காட்சியகத்தை 1829இல் ஏஜினா தீவில் அமைத்தது. நாட்டுக்கு எல்லை கூட உறுதியாக வரையப்படாத நேரம் அது. அன்றைய ஆட்சித் தலைவர் கபோதிஸ்ட்ரியாஸ், அனாதைக் குழந்தைகளுக்காகக் கட்டப்பட்ட விடுதியிலேயே சிலைகளுக்கும் இடம் ஒதுக்கினார். 1834இல் தலைநகர் ஏதென்ஸுக்கு மாறியபோது தொல்பொருள்களும் அங்கே சேரத் தொடங்கின. ஹெஃபைஸ்டோஸ் கோவில் சில காலம் அவற்றின் கிடங்காக இருந்தது.

பட்டிசியோன் சாலையில் இன்று நிற்கும் அருங்காட்சியகக் கட்டடத்துக்கு எலெனி தொசித்சா நிலம் கொடுத்தார். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் லுட்விக் லாங்கேயின் வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு 1866இல் வேலை தொடங்கியது. இடையில் பலர் கைபட்டு மாறிய அந்த வரைபடத்துக்கு எர்ன்ஸ்ட் சில்லர் இறுதி வடிவம் கொடுத்தார். 1889இல் கட்டடம் முடிந்தது.

கட்டடம் எழுந்துகொண்டிருந்தபோதே அதை நிரப்பும் செல்வம் மண்ணிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1876இல் ஹைன்ரிக் ஷ்லீமன் மைசீனியின் அரச கல்லறைகளைத் தோண்டிப் பொன் முகமூடிகளை வெளியே எடுத்தார். அவற்றில் ஒன்று ட்ராய் போரின் தலைவன் அகமெம்னானுடையது என்று அவர் நம்பினார். உண்மையில் அது கி.மு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு மூத்தது. பெயர் மட்டும் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெண்கலச் சிலைகளின் கதை வேறு. உலோகத்துக்கு எந்தக் காலத்திலும் விலை உண்டு. அதனால் நிலத்தில் நின்ற கிரேக்க வெண்கலங்களில் பெரும்பாலானவை உருக்கப்பட்டு நாணயமாகவும் ஆயுதமாகவும் போயின. கப்பலோடு கடலில் மூழ்கியவை தப்பின. 1900இல் சிமி தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு குளிப்பவர்கள் ஆன்டிகிதெரா தீவருகே அப்படி மூழ்கிய ஒரு கப்பலைக் கண்டார்கள். அதிலிருந்த பொருள்களை மேலே கொண்டுவரும் வேலையில் ஒருவர் உயிரிழந்தார், இருவர் முடங்கிப்போனார்கள். அங்கிருந்து வந்த பச்சைக் களிம்பு பிடித்த ஓர் உலோகக் கட்டியில் பற்சக்கரம் இருப்பதை 1902இல் வலேரியோஸ் ஸ்டாயிஸ் கவனித்தார். சூரிய சந்திர ஓட்டத்தைக் கணிக்கும் பொறி அது.

1926இலும் 1928இலும் ஆர்ட்டெமிசியன் முனைக்கு அருகே கடலிலிருந்து கிடைத்த தெய்வச் சிலை 2.09 மீட்டர் உயரம் கொண்டது. இடது கை இலக்கை நோக்கி நீண்டிருக்கிறது. வலது கை எறிவதற்காகப் பின்னுக்கு வாங்கியிருக்கிறது. உடல் எடை முன்காலுக்கு மாறும் தறுவாயில் பின்காலின் குதிகால் தரையை விட்டு எழுகிறது. கையிலிருந்த ஆயுதம் கிடைக்கவில்லை. இடியாக இருந்தால் அவர் சீயஸ், திரிசூலமாக இருந்தால் பொசைடன். அறிஞர்களில் பலர் சீயஸ் என்றே சொல்கிறார்கள். எறியும் விரல்களின் பிடியும் அதற்கே பொருந்துகிறது.

கடல் காத்துக் கொடுத்ததை மனிதர்கள் மறுபடியும் காக்க வேண்டிய நேரம் 1940இல் வந்தது. அக்டோபர் 28 அன்று இத்தாலி படையெடுத்ததும், அருங்காட்சியகப் பொருள்களை மறைக்கும்படி அரசு உத்தரவிட்டது. செம்னி காரூசு உள்ளிட்ட தொல்லியலாளர்களும் பணியாளர்களும் விடியுமுன் வந்து இருட்டிய பிறகு வீடு திரும்பினார்கள். கூடங்களின் தளத்தைப் பெயர்த்து ஆழமான குழிகள் வெட்டப்பட்டன. டன் கணக்கில் எடையுள்ள பளிங்குச் சிலைகளை மரப் பாரந்தூக்கிகளில் கட்டி ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அப்போது எடுத்த புகைப்படங்களில் தெய்வங்களும் இளைஞர்களும் திருவிழாக் கூட்டம் போல நெருக்கியடித்துக் குழிக்குள் நிற்கிறார்கள். பிறகு மணலைக் கொட்டி, மேலே காங்கிரீட் போட்டு மூடினார்கள்.

மட்கலங்களும் வெண்கலங்களும் மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டுக் கீழ்த்தள அறைகளுக்குப் போயின. அறைகளும் மணலால் நிரப்பப்பட்டன. மைசீனியின் பொன்னும் அருங்காட்சியகப் பதிவேடுகளும் 1941 ஏப்ரலில் கிரேக்க வங்கியின் பாதுகாப்புக்குச் சென்றன. பதிவேடு தொலைந்தால் ஒரு பொருள் எங்கே, யாரால், எந்த ஆழத்தில் கண்டெடுக்கப்பட்டது என்பதே தெரியாமல் போகும். அதனால் பொன்னுக்குக் கொடுத்த பாதுகாப்பு காகிதத்துக்கும் கிடைத்தது, அது மிகச் சரியான முடிவு. ஏப்ரல் 27 அன்று ஜெர்மன் படை ஏதென்ஸுக்குள் நுழைந்தபோது கூடங்கள் வெறுமையாகக் கிடந்தன.

அடுத்த குளிர்காலத்தில் ஏதென்ஸ் பஞ்சத்தில் சிக்கியது. தெருக்களில் மக்கள் பசியால் இறந்தார்கள். சிலைகள் தளத்துக்கு அடியிலேயே இருந்தன. 1944 டிசம்பரில் நகருக்குள் நடந்த சண்டையில் கட்டடமும் சேதமடைந்தது. போருக்குப் பின் இயக்குநர் கிறிஸ்டோஸ் காரூசோஸும் அவருடைய மனைவி செம்னியும் குழிகளைத் திறந்து, சிலைகளைத் துடைத்து, கூடங்களைப் புதிதாக வகுத்தார்கள். முழுக் காட்சியமைப்பும் முடிய 1964 ஆனது. கலை வளர்ந்த வரிசையிலேயே பார்வையாளர் நடந்து செல்லும்படி அவர்கள் அமைத்தார்கள்.

சிலையை மண்ணில் ஒளிப்பது பண்டைக் கிரேக்கரும் செய்ததுதான். 1972இல் அட்டிகாவின் மெரெண்டாவில் ஒரு குழிக்குள் இரண்டு பளிங்குச் சிலைகள் சேர்ந்தே கிடந்தன. அவற்றில் ஒன்று ஃப்ராசிக்ளேயா, மணமாகாமல் இறந்த பெண்ணின் கல்லறைச் சிலை. பாரோஸ் தீவுச் சிற்பி அரிஸ்டியோன் கி.மு. 550 வாக்கில் செதுக்கியது. இடது கையில் மலராத தாமரை மொட்டை மார்போடு பிடித்திருக்கிறாள்; தலையில் மலர் மகுடம். செய்த சில பத்தாண்டுகளுக்குள் புதைக்கப்பட்டதால் ஆடையின் சிவப்பு வண்ணம் இன்னும் தெரிகிறது. கிரேக்கச் சிற்பங்கள் வெள்ளையாகவே இருந்தன என்று எண்ணி வருபவர்கள் இவள் முன் சற்று நேரம் நிற்பது நல்லது. இவளுடைய பெயர் பொறித்த பீடம் அருகிலிருந்த தேவாலயச் சுவரில் வெகுகாலம் பதிந்திருந்தது. சிலை கிடைத்த பிறகு, பீடத்தின் குழியில் அது, பிணைப்புக்கான ஈயத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது.

1999 நிலநடுக்கத்தில் கட்டடம் பழுதுபட்டது. புதுப்பிப்புக்காக 2002இல் மூடி, 2004 ஒலிம்பிக் போட்டிக்கு முன் மீண்டும் திறந்தார்கள். இப்போது நுழைந்ததும் நேர் எதிரே மைசீனியின் பொன். இடப்புறம் தொடங்கிச் சுற்றி வந்தால் சிற்பங்கள் கால வரிசையில் வருகின்றன. 1906இல் சூனியனில் கிடைத்த, மூன்று மீட்டர் உயர கூரோஸ் இளைஞனும் அந்த வரிசையில்தான் நிற்கிறான். மாடியில் மட்கலங்களும், எரிமலைச் சாம்பல் மூடியிருந்த தீரா தீவின் சுவரோவியங்களும் இருக்கின்றன.