பழைய டிவி பழுதானால் ரிப்பேர் செய்வதா, புதுசு வாங்குவதா? கணக்குப் போட்டு முடிவெடுப்பது எப்படி?

"சத்தம் வருது, படம் வரல." டிவி மெக்கானிக்குகள் அடிக்கடி கேட்கும் புகார் இது. அடுத்து வீட்டுக்குள் விவாதம் தொடங்கிவிடும். "இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்பார் ஒருவர். "நேத்து வரைக்கும் நல்லா ஓடின டிவிய எதுக்குத் தூக்கிப் போடணும்" என்பார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். டிவிக்கு எத்தனை வயசு என்பதைவிட, உள்ளே எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதுதான் முக்கியம். அது தெரியாமல் முடிவெடுத்தால், சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலைக்குப் புது டிவி வாங்கிவிடுவோம். அல்லது இனி தேறாத டிவிக்குப் பணத்தைக் கொட்டிவிடுவோம்.

முதலில் இதைச் செய்யுங்கள்

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் 10 நிமிடம் ஒதுக்குங்கள். டிவி ஆன் ஆகவில்லை என்றால், அதே பிளக் பாயின்ட்டில் போன் சார்ஜரைச் செருகி கரன்ட் வருகிறதா என்று பாருங்கள். ரிமோட் பேட்டரியை மாற்றுங்கள். டிவியிலேயே இருக்கும் பவர் பட்டனை அழுத்திப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி 5 நிமிடம் விட்டுவிட்டு மறுபடி போடுங்கள். ஸ்மார்ட் டிவிகள் பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

படத்தில் கோடு விழுந்தாலோ, விட்டுவிட்டு வந்தாலோ ரிமோட்டில் டிவியின் மெனுவைத் திறந்து பாருங்கள். மெனு தெளிவாகத் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் டிவியில் இல்லை. செட்டாப் பாக்ஸ், எச்டிஎம்ஐ கேபிள் அல்லது சிக்னலில் இருக்கிறது. மெனு மேலேயும் கோடு ஓடினால் பிரச்சினை டிவிக்குள்தான்.

சத்தம் வருது, படம் வரலையா?

எல்இடி டிவியில் படத்தைக் காட்டுவது எல்சிடி பேனல். அதற்குப் பின்னால் இருந்து வெளிச்சம் தருவது எல்இடி பல்புகள் வரிசையாக ஒட்டிய பட்டைகள். இதைத்தான் பேக்லைட் என்கிறார்கள். பல டிவிகளில் இந்தப் பல்புகள் சீரியல் செட் போலத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் மொத்த வரிசையும் அணைந்துவிடும். படம் உருவாகிக்கொண்டுதான் இருக்கும். வெளிச்சம் இல்லாததால் கண்ணுக்குத் தெரியாது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அறையை இருட்டாக்குங்கள். டிவியை ஆன் செய்து, போன் டார்ச்சைத் திரைக்கு அருகில் சாய்வாகப் பிடியுங்கள். மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால், பேனல் உயிரோடு இருக்கிறது. போனது பேக்லைட் அல்லது அதற்கு மின்சாரம் தரும் பகுதி. இது சரிசெய்யக்கூடிய பழுது.

ஒரே ஒரு பல்பை மட்டும் மாற்றித் தருவதாகச் சொன்னால் யோசியுங்கள். மற்ற பல்புகளுக்கும் அதே வயசுதான். அடுத்த சில மாதங்களில் இன்னொன்று போகலாம். பட்டைகளை முழு செட்டாக மாற்றுவதே நல்லது. இந்த வேலைக்கு பேனலைக் கழற்றி வைக்க வேண்டும். அப்போது அது உடைந்தால் யார் பொறுப்பு என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

சுத்தமா ஆன் ஆகலையா?

சிவப்பு லைட் எரியவில்லை, அல்லது விட்டுவிட்டு மின்னுகிறது என்றால் பெரும்பாலும் சந்தேகம் பவர் சப்ளை போர்டு மீது விழும். வெப்பத்தில் கெபாசிட்டர் உப்பிப் போவது இதில் சகஜம். அதை மாற்றும் செலவு குறைவு. ஆனால், இடி மின்னலில் அடிபட்ட டிவி என்றால் மெயின் போர்டும் சேர்ந்து போயிருக்கலாம். அந்த மாடலுக்கு போர்டு கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

ஒரு எச்சரிக்கை: யூடியூப் பார்த்து நீங்களே பின்மூடியைக் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் உள்ள பெரிய கெபாசிட்டரில் சிறிது நேரம் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழைய பிக்சர் டியூப் டிவிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும்.

கோடு, பாதித் திரை கருப்பு, விரிசல்

பணம் வீணாகப் போகும் இடம் இதுதான். செங்குத்துக் கோடு, பாதித் திரை இருட்டு என்றால் கேபிள் லூஸாகவோ, பேனலை இயக்கும் டி-கான் போர்டில் கோளாறாகவோ இருக்கலாம். அப்படியானால் தப்பித்தோம். பேனலிலேயே கோளாறு என்றால் கதை வேறு.

ஒரு டிவியின் விலையில் பெரும்பங்கு பேனலுடையது. வாரன்டி முடிந்த டிவிக்கு பேனல் மாற்றும் செலவு, பல நேரம் புது டிவி விலையைத் தொட்டுவிடும். பந்து பட்டோ கீழே விழுந்தோ திரை விரிந்திருந்தால் வாரன்டி இருந்தாலும் பொதுவாகச் செல்லாது. "செகண்ட் ஹேண்ட் பேனல் போட்டுத் தரேன், பாதி விலைதான்" என்று சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எழுத்தில் எத்தனை மாதம் கேரன்டி? பதில் மழுப்பலாக வந்தால் புதுசு பக்கம் போய்விடுங்கள்.

வருடக் கணக்கு போடுங்க

ரிப்பேர் செலவு, அதே சைஸ் புது டிவி விலையில் பாதியைத் தாண்டினால் ரிப்பேர் வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். நல்ல விதிதான், ஆனால் போதாது. இதைவிடத் தெளிவானது வருடக் கணக்கு.

உதாரணத்துக்கு, 6 வருடப் பழைய 32 இன்ச் டிவிக்கு ரிப்பேர் ரூ.2,500. அது இன்னும் 2 வருடம் ஓடும் என்று வைத்தால் வருடத்துக்கு ரூ.1,250. புது டிவி ரூ.14,000, 8 வருடம் ஓடும் என்று வைத்தால் வருடத்துக்கு ரூ.1,750. இங்கே ரிப்பேர்தான் லாபம். அதே டிவிக்கு ரூ.7,000 கேட்டால் வருடத்துக்கு ரூ.3,500 ஆகிவிடும். அது புதுசைவிட இரண்டு மடங்கு.

ஒரே வருடத்தில் இரண்டாவது முறையாகப் பழுதானால், முன்பு கொடுத்த பணத்தை நினைத்து மறுபடி செலவு செய்யாதீர்கள். போன பணம் போனதுதான். இனி செய்யப்போகும் செலவை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஆப் ஓடல... அதுக்காக டிவியை மாற்றணுமா?

வேண்டாம். படமும் சத்தமும் நன்றாக இருந்து, ஓடிடி ஆப்கள் மட்டும் திணறினால் அது டிவியின் பழுது அல்ல. உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் பழசாகிவிட்டது, அவ்வளவுதான். எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும். சாதாரண எல்இடி டிவியையும் இப்படி ஸ்மார்ட் டிவியாக மாற்றலாம்.

கரன்ட் பில் குறையுமா?

21 இன்ச் டியூப் டிவி 80 வாட், 32 இன்ச் எல்இடி 40 வாட் என்று வைத்துக்கொள்வோம். தினம் 5 மணி நேரம் ஓடினால் வித்தியாசம் 0.2 யூனிட். 2 மாத பில்லுக்கு 12 யூனிட். யூனிட்டுக்கு ரூ.5 என்றாலும் ரூ.60தான். தமிழ்நாட்டில் 2 மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், அதற்குள் அடங்கும் வீடுகளுக்கு ஒரு பைசாவும் மிச்சமாகாது. "கரன்ட் மிச்சம்" என்ற ஒரே காரணத்துக்காக டிவியை மாற்ற வேண்டியதில்லை. 32 இன்ச்சிலிருந்து 55 இன்ச்சுக்குப் போனால் பில் ஏறவே செய்யும். ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதைப் பாருங்கள்.

டியூப் டிவி இன்னும் இருக்கா?

2006-2011 ஆட்சிக் காலத்தில் தமிழ்நாடு அரசு வழங்கிய 14 இன்ச் இலவச வண்ண டிவி இன்னும் சில வீடுகளில் ஓடுகிறது. சின்னப் பழுது என்றால் சரிசெய்து பார்க்கலாம். பிக்சர் டியூப் போய்விட்டால் விட்டுவிடுங்கள். உதிரி பாகம் கிடைப்பது அரிது. முன்பக்கம் எடை அதிகம் என்பதால், ஆடும் மேசையில் வைத்தால் குழந்தைகள் மேல் கவிழும் ஆபத்தும் உண்டு.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது

வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள். என்ன பழுது, எந்தப் பாகம், எவ்வளவு செலவு என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பில் கட்டாயம் வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தில் நிறுவனங்களின் சர்வீஸ் விவரங்களைப் பார்க்கலாம்.

சேவையில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அங்கே தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். இரண்டுக்கும் பில்தான் ஆதாரம்.

புதுசுதான் என்று முடிவாகிவிட்டால்

32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 32 இன்ச் வரையிலானவற்றுக்கு ஏற்கெனவே 18 சதவீதம்தான். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, பேனலுக்கு எத்தனை வருடம் வாரன்டி என்ற இரண்டையும் விலைக்கு முன்பே கேளுங்கள்.

வாங்கிய டிவி நீண்ட நாள் உழைக்க, அமைப்பில் பேக்லைட் அளவைக் கொஞ்சம் குறையுங்கள். வெப்பம் குறைந்து பல்புகளின் ஆயுள் கூடும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கோடு சேர்த்து டிஷ் கேபிளையும் கழற்றுங்கள். திரையில் நேரடியாகத் தண்ணீர் தெளிக்காதீர்கள். ஈரம் கீழே வழிந்து பேனலுக்குள் இறங்கினால் அதோடு முடிந்தது.

பழைய டிவியை என்ன செய்வது?

குப்பையில் போடவோ உடைக்கவோ கூடாது. பிக்சர் டியூப் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சிக்கான பொறுப்பு தயாரிப்பு நிறுவனங்களுக்கு உண்டு. எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாம், அல்லது அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கலாம். ஸ்மார்ட் டிவி என்றால், கொடுக்கும் முன் எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் ஓடிடி கணக்கும் டிவியோடு சேர்ந்து போய்விடும்.