சர்ச்சை எழும்போது தேவாலயம் என்ன செய்யலாம்?

மலேசியக் கிறிஸ்தவர்கள் சந்தித்த பொதுச் சர்ச்சைகளில் ஆக நீளமானது ‘அல்லாஹ்’ என்ற சொல்லைப் பற்றியது. 1986-இல் உள்துறை அமைச்சு விடுத்த உத்தரவில் தொடங்கி, ஜில் ஐயர்லண்ட் வழக்கில் அரசாங்கம் தன் மேல்முறையீட்டை 2023-இல் மீட்டுக்கொண்டது வரை 37 ஆண்டுகள் ஓடின.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் கர்த்தர், தேவன், இறைவன், ஆண்டவர் என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே ‘இது நமக்கு எதற்கு?’ என்று கேட்டவர்கள் அப்போது நம்மில் பலர். ஆனால் சபா, சரவாக்கில் மலாயில் ஜெபிக்கும் பூர்வகுடி மக்களுக்கு அது தலைமுறை தலைமுறையாக வாயில் வந்த சொல். நாட்டுக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் அவர்களே. ‘ஹெரால்ட்’ கத்தோலிக்க வார இதழோ ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என 4 மொழிகளில் வந்தது. மலாய்ப் பக்கத்துக்கு வந்த சிக்கல் தமிழ்ப் பக்கத்தின் கதவையும் தட்டக்கூடியதே.

கோலாலம்பூர் பேராயராக இருந்த மர்ஃபி பாக்கியம் நீதிமன்றத்தை நாடினார். 2009 டிசம்பர் 31-இல் உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நிம்மதி நீடிக்கவில்லை. 2010 ஜனவரி 8-ஆம் தேதி அதிகாலை தேசா மெலாவாத்தியில் மெட்ரோ டேபர்னக்கல் தேவாலயத்துக்குத் தீ வைக்கப்பட்டது. வேறு தேவாலயங்களும் தாக்கப்பட்டன; செந்தூலில் சீக்கியர் குருத்துவாரா மீதும் கல் விழுந்தது.

கிறிஸ்தவர்கள் தெருவில் இறங்கவில்லை. போலீஸ் புகார் செய்தார்கள், வேறு இடத்தில் ஞாயிறு ஆராதனை நடத்தினார்கள், மன்னிப்பதாகச் சொன்னார்கள். அதைக் கோழைத்தனம் என்றவர்களும் உண்டு. ஆனால் தேவாலயங்களுக்குக் காவல் நிற்க முஸ்லிம் அமைப்புகள் சில முன்வந்தது அந்த நாள்களில்தான். பதிலுக்கு ஒரு கல் எறியப்பட்டிருந்தால் அவர்கள் வந்திருப்பார்களா என்பது சந்தேகமே. தீ வைத்த 2 சகோதரர்களுக்கு அதே ஆண்டில் தலா 5 ஆண்டுச் சிறை கிடைத்தது.

வழக்கு வெற்றியில் முடியவில்லை. 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. 2014 ஜூனில் கூட்டரசு நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் மேல்முறையீட்டு அனுமதியை மறுத்தது. தேவாலயம் வருத்தம் தெரிவித்ததே தவிர, நீதிமன்றத்தைத் தூற்றவில்லை. பிறகு, விமான நிலையத்தில் தன் குறுந்தட்டுகள் பறிமுதல் செய்யப்பட்டதை எதிர்த்து சரவாக் பெண் ஜில் ஐயர்லண்ட் தொடுத்த தனி வழக்கில், அந்த 1986 உத்தரவு செல்லாது என்று 2021 மார்ச்சில் உயர்நீதிமன்றம் கூறியது. பறிமுதல் நடந்தது 2008-இல். 13 ஆண்டு காத்திருப்பது எல்லாராலும் ஆகிற காரியம் அல்ல.

நீதிமன்றம் போவது விசுவாசக் குறைவு என்று சில போதகர்கள் சொல்வதுண்டு. திருத்தூதர் பவுல் தன் ரோமக் குடியுரிமையை எடுத்துக்காட்டி இராயரிடம் முறையிட்டவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் 11-ஆவது பிரிவில் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதை மட்டும் மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்தலாம். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு பேசுகிறவரின் வார்த்தைக்குத்தான் மதிப்பு.

தோட்டப்புறத்திலும் தாமானிலும் நம்மவர்களுக்கு வரும் சர்ச்சை வேறு வகை. அது மதமாற்றம். ஒரே வீட்டில் அண்ணன் கோயிலுக்கும் தம்பி தேவாலயத்துக்கும் போகும் குடும்பங்கள் ஏராளம். இந்துக்களிடம் சுவிசேஷம் சொல்ல அரசியலமைப்பில் தடையில்லை என்பது உண்மை. அதற்காகத் தைப்பூசக் கூட்டத்தில் துண்டுப் பிரசுரம் கொடுப்பதோ, அடுத்த வீட்டுச் சாமியைப் பேய் என்று மேடையில் பேசுவதோ சாட்சியாகிவிடாது. அது வம்பு.

ஆகக் கசப்பான இடம் இழவு வீடு. ஞானஸ்நானம் பெற்ற தாய் இறந்தால், இந்துவாகவே இருக்கும் மூத்த மகன் கொள்ளி வைக்க உரிமை கேட்பான். சபையார் அடக்க ஆராதனைக்கு நிற்பார்கள். பெட்டியின் முன்னால் இரு தரப்பும் குரல் உயர்த்துவதைப் பார்த்த ஊர்க்காரர்கள் அந்தச் சபையை எளிதில் மறக்கமாட்டார்கள். தாய் உயிரோடிருக்கும்போதே அவருடைய விருப்பத்தைக் கேட்டு எழுதி வாங்கி, அதைப் பிள்ளைகள் எல்லாருக்கும் சொல்லி வைப்பது போதகரின் வேலை. மகனுக்கும் ஏதாவது ஒரு மரியாதைக்குரிய பங்கு இருக்க வேண்டும். பெட்டியைத் தூக்குவதிலும், முதல் பிடி மண் போடுவதிலும் எந்த வேதமும் குறுக்கே வருவதில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் ‘தேவாலயம் இடிக்கப்பட்டது, உடனே பகிருங்கள்’ வகைச் செய்திகளைப் பொறுத்தவரை, சம்பந்தப்பட்ட சபைக்கு ஒரு போன் செய்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். பகிர்ந்தவர் மீதும் 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு பாயலாம். உண்மையாகவே ஒன்று நடந்திருந்தால், முதலில் போலீஸ் புகார். அடுத்து, சபைத் தலைமை வழியாக மலேசியக் கிறிஸ்தவ சம்மேளனத்துக்குத் தகவல்.