இது எத்தனையாவது கேஸ், டாக்டர்?

புனேயில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் குப்பை கொட்டுகிறேன். சில வருடங்களுக்கு முன், அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஊரிலிருந்து போன். லீவு போட்டு ஓடினேன். ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டரிடம், "இது உங்களுக்கு எத்தனையாவது கேஸ் சார்?" என்று கேட்டுவிட்டேன். "எண்ணி வைக்கலை தம்பி, நிறைய பண்ணியிருக்கேன்" என்று சிரித்தார். அம்மாவுக்குத்தான் கோபம். "டாக்டர்கிட்ட கேக்குற கேள்வியாடா இது?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது ஆஸ்பத்திரியில் அல்ல, எங்களைப் போன்ற தொழிற்சாலையில் தொடங்குகிறது.

1936-ல் டி.பி.ரைட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் ஒரு கணக்கை வெளியிட்டார். கட்டிய விமானங்களின் எண்ணிக்கை இரு மடங்காகும் போதெல்லாம், ஒரு விமானத்துக்கு ஆகும் உழைப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது. கை பழகப் பழகச் செலவு இறங்கும் இந்தக் கோட்டைத்தான் கற்றல் வளைவு என்கிறோம். எங்களுக்கு முதல் பீஸ் சொதப்பினால் கழிவுத் தொட்டியில் போடலாம். ஆபரேஷன் தியேட்டரில்?

பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுப்பது 1980-களின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் ஆரம்பித்து மளமளவென்று பரவியது. 1990-ல் மும்பையில் டாக்டர் உத்வாடியா செய்தார். அமெரிக்காவின் தென்மாநில சர்ஜன்கள் சேர்ந்து, 1,518 நோயாளிகளின் கணக்கை 1991-ல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சர்ஜனின் முதல் 13 நோயாளிகளில் பித்தக்குழாய் காயம் 2.2 சதவீதம். அதற்குப் பிறகு வந்தவர்களில் 0.1 சதவீதம். அந்த 13-க்குள் மாட்டியவர்களுக்குத் தாங்கள் எந்த வரிசையில் படுத்திருக்கிறோம் என்று தெரிந்திருக்குமா?

சரி, பழகிவிட்டால் கவலை இல்லையா? இங்கேதான் மார்க் டி லெவால் வருகிறார். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் குழந்தைகள் இதய சர்ஜன். இதயத்தின் இரண்டு பெரிய தமனிகளும் இடம் மாறிப் பிறக்கும் சிசுக்களுக்கு, அவற்றை மாற்றிப் பொருத்துவார். முதல் 52 குழந்தைகளில் ஒரே ஒரு மரணம். அடுத்த 16 பேரில் ஏழு.

நேரம் சரியில்லை என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. தன் கேஸ்களைக் கியூசம் விளக்கப்படத்தில் போட்டுப் பார்த்தார். நான் தினமும் ஆபீசில் போடும் அதே படம்தான்! 1954-ல் ஈ.எஸ்.பேஜ் என்ற புள்ளியியலாளர் தரக்கட்டுப்பாட்டுக்காக உருவாக்கியது. சரியாக முடிந்தால் கோடு கொஞ்சம் இறங்கும், தவறினால் துள்ளி ஏறும். முன்பே கிழித்து வைத்த எல்லையைத் தாண்டினால், நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும்.

தற்செயல் என்று ஒதுக்க முடியாது என்று கண்டதும், தன்னைவிடக் குறைவான மரணங்கள் உள்ள இன்னொரு சர்ஜனிடம் போய் மறுபடி கற்றுக்கொண்டார். மரணங்கள் குறைந்தன. 1994-ல் எல்லாவற்றையும் தன் பெயரிலேயே பிரசுரித்தார். மயிரிழையில் பிழைத்தவர்களையும் கணக்கில் சேர்த்திருந்தால் முன்பே எச்சரிக்கை கிடைத்திருக்கும் என்றும் அதில் காட்டினார்.

ஒரு உதிரிபாகத்துக்கு நாங்கள் மெஷினையே நிறுத்துகிறோம். 'நிறைய' என்று சொன்னால் எங்கள் மேனேஜர் விடமாட்டார்.

அன்று நான் கேட்ட கேள்வி தப்பில்லை, ஆனால் பாதிதான். அடுத்த முறை, எத்தனையாவது என்று கேட்பதோடு விடமாட்டேன். "கணக்கு வைத்திருக்கிறீர்களா சார்?" என்றும் கேட்பேன். அம்மா திட்டினாலும் சரி.