மான்செஸ்டர் நெசவாளரும் விக்டோரியா கால நாவலும்

1840களில் இங்கிலாந்தின் எழுத்தாளர்கள் பலர் தொழிலாளரின் வாழ்வை அரசு விசாரணை அறிக்கைகளின் வழியே அறிந்தனர். நிலக்கரிச் சுரங்கங்களில் சிறுவரும் சிறுமியரும் பட்ட பாட்டை 1842இல் வெளியான அறிக்கை ஒன்று அம்பலப்படுத்த, மறு ஆண்டே எலிசபெத் பாரெட் உழைக்கும் குழந்தைகளின் கதறலைக் கவிதையாக்கினார். பின்னாளில் பிரதமரான பெஞ்சமின் டிஸ்ரேலி 1845இல் எழுதிய ‘சிபில்’ நாவலும் இத்தகைய அறிக்கைகளிலிருந்து பல செய்திகளை எடுத்துக்கொண்டது.

எலிசபெத் கேஸ்கெலுக்கு அந்தத் தேவை எழவில்லை. 1832இல் திருமணமாகி மான்செஸ்டருக்கு வந்த அவர், திரித்துவக் கோட்பாட்டை ஏற்காத யூனிடேரியன் என்னும் கிறித்தவப் பிரிவின் போதகரான கணவருடன் அந்நகரத்து ஏழைகளிடையே வாழ்ந்தவர்; ஆகவே 1848இல் ஆசிரியர் பெயரின்றி வெளியான அவருடைய முதல் நாவல் ‘மேரி பார்ட்டன்’, ஆலையின் உட்புறத்தைக் காட்டிலும் நெசவாளரின் அடுப்படியையே மிகுதியாகக் காட்டுகிறது. வேலையிழந்த டேவன்போர்ட் என்பவர் ஈரம் ஊறும் நிலவறை ஒன்றில் காய்ச்சலில் கிடக்க, அவர் குடும்பம் பட்டினியால் வாடுவதைக் கண்ட நெசவாளர் ஜான் பார்ட்டன், தம்மிடம் எஞ்சியிருந்த நல்ல கோட்டையும் பட்டுக் கைக்குட்டையையும் அடகு வைத்து, கிடைத்த ஐந்து ஷில்லிங்கில் உணவும் விறகும் வாங்கி வருகிறார். நன்கொடையாளரின் பரிந்துரைச் சீட்டு இருந்தால்தான் மருத்துவமனையில் ஏழைக்கு இடம் என்பது அக்கால வழக்கமாதலால், பார்ட்டனின் நண்பர் வில்சன் முதலாளியின் வீட்டுக்குச் சென்று, காலையுணவின் மணம் நிறைந்த சமையலறையில் வெறும் வயிற்றோடு காத்து நிற்கிறார். அவருக்குக் கிடைப்பதோ வெளிநோயாளிச் சீட்டு மட்டுமே. எந்த அறிக்கையின் அட்டவணையும் தர இயலாத அறிவு இது: ஏழைக்கு முதலில் கைகொடுத்தவர் இன்னோர் ஏழையே என்பதை அந்த அடகுச் சீட்டு நிறுவிவிடுகிறது.

இந்நாவலுக்குக் கேஸ்கெல் முதலில் கருதிய பெயர் ‘ஜான் பார்ட்டன்’. மகளின் பெயரைத் தலைப்பாக்கியது பதிப்பகம். ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை கோரிய சாசன இயக்கம், 1839இல் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் அளித்த மனுவை நாடாளுமன்றம் ஏற்க மறுத்தது. அம்மனுவோடு லண்டன் சென்ற தூதுக்குழுவில் ஒருவராகப் பார்ட்டனைப் படைத்த கேஸ்கெல், ஏமாற்றத்தால் இறுகிய அவரைப் பின்னர் முதலாளியின் மகனைக் கொல்பவராக்கி, நாவலின் பிற்பகுதியை வழக்கு மன்றத்துக்குக் கொண்டுசென்றுவிட்டார். முற்பகுதியின் உண்மை அதில் மெலிந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

தொழிலாளரைப் பற்றி எழுதிய சார்லஸ் டிக்கன்ஸுக்கோ தொழிற்சங்கம் என்றால் தயக்கம் இருந்தது. கூலி உயர்வு கேட்டுப் போராடிய பிரஸ்டன் நகரப் பஞ்சாலைத் தொழிலாளரை 1854இன் தொடக்கத்தில் நேரில் கண்ட அவர், அவர்களுடைய ஒழுங்கையும் பொறுமையையும் தம் வார இதழில் பாராட்டி எழுதினார். ஆயினும் அவ்விதழிலேயே ஏப்ரலில் தொடராகத் தொடங்கிய ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலில் சங்கப் பேச்சாளரை வெற்று முழக்கக்காரராகவும், சங்கத்தில் சேர மறுப்பவரையே நல்ல தொழிலாளியாகவும் வரைந்தார். செய்தியாளராகத் தாம் கண்டதை நாவலாசிரியராக அவர் கைவிட்டது வருந்தத்தக்கது. அந்நாவலைத் தொடர்ந்து அதே இதழில் வெளிவந்த கேஸ்கெலின் ‘நார்த் அண்ட் சவுத்’, நிக்கோலஸ் ஹிக்கின்ஸ் என்னும் சங்கத்தவரைக் காரணம் கூறி வாதிடும் மனிதராக்கியதோடு, பஞ்சைச் சீவிப் பிரிக்கும் கூடத்தின் தூசி நுரையீரலில் படிந்து அவருடைய மகள் பெஸ்ஸி இறப்பதையும், தூசியை அகற்றும் விசிறிச் சக்கரத்துக்குச் செலவிட முதலாளிகள் பலர் தயங்கியதையும் பதிவு செய்தது.

‘மேரி பார்ட்டன்’ முதலாளிகளுக்கு நீதி செய்யவில்லை என்று சில விமர்சகர் கண்டித்தனர். 1819இல் மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர் திடலில் குதிரைப்படை தாக்கிய கூட்டத்தில் இருந்தவரும், அதன்பின் சிறை சென்றவருமான நெசவாளக் கவிஞர் சாமுவேல் பாம்ஃபோர்டின் தீர்ப்போ வேறாக இருந்தது: ஜான் பார்ட்டனைப் போன்றோர் நூற்றுக்கணக்கானவரைத் தாம் அறிந்திருப்பதாகவும், அந்தக் கொலை ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர்கள் அவரே என்றும் 1849இல் அவர் கேஸ்கெலுக்கு எழுதினார்.